கிண்ணமும் கீர்த்தியும்: உதைபந்தாட்ட வீரர்தம் புகழ்ப்பட்டியல் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயம் யாரை நினைவில் வைத்துக்கொள்கிறது, யாரை மறந்துவிடுகிறது என்பது தற்செயலாக நிகழ்வதன்று. அரசர்தம் மெய்க்கீர்த்திகளை ஆராய்வோர் இவ்வுண்மையை நன்கறிவர். ஆயினும் இதே வினாவை விளையாட்டுத் துறையில் எழுப்பிப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. உதைபந்தாட்ட வீரர்களுக்கு வழங்கப்படும் விருதுகளும், அவர்தம் பெயர்களைப் பொறித்து வைக்கும் புகழ்மண்டபங்களும் திறமையின் நேரிய அளவைகள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும்? வெற்றிக் கிண்ணம் ஒன்று வீரனொருவனின் புகழை எவ்வாறு வரையறுக்கிறது? இவ்வினாக்களை இந்திய, இலங்கைச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம். புத்தளம் மாவட்டக் கடற்கரையிலுள்ள பள்ளிவாசல்துறை போன்ற ஊரொன்றில் நின்று நோக்கும்போது இவ்வினாக்கள் தனியொரு கூர்மை பெறுகின்றன. அதனை ஈற்றில் காண்போம்.

முதலில் இந்தியச் சான்றை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு வீரர்களுக்கான அருச்சுனா விருதை இந்திய அரசு 1961 இல் ஏற்படுத்தியது. அவ்விருதைப் பெற்ற முதல் உதைபந்தாட்ட வீரர் பி. கே. பானர்ஜி. அவரைத் தொடர்ந்து 1962 இல் துளசிதாஸ் பலராம், 1963 இல் சுனி கோஸ்வாமி, 1964 இல் ஜர்னைல் சிங், 1965 இல் அருண் கோஷ், 1966 இல் யூசுப் கான், 1967 இல் பீற்றர் தங்கராஜ் ஆகியோர் ஆண்டுக்கொருவராக இவ்விருதைப் பெற்றனர். இவ்வேழு பெயர்களுக்கும் பொதுவான ஓர் இயல்புண்டு. எழுவரும் 1962 இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப்பதக்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர்கள். அவ்வாண்டு செப்ரெம்பர் 4 ஆம் நாள் நடைபெற்ற இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. பானர்ஜியும், தலைக்காயத்துக்குக் கட்டுப்போட்ட நிலையில் முன்னணியில் நின்றாடிய ஜர்னைல் சிங்கும் கோல்களைப் பெற்றனர். பானர்ஜி விருது பெற்றது இவ்வெற்றிக்கு முன்னர் என்பது உண்மையே. எஞ்சிய அறுவருக்கோ ஒரே மாலை நேரத்து வெற்றி ஐந்தாண்டுக்கு மேலாகப் பயன்தந்தது எனலாம்.

இதனால் அவர்கள் தகுதியற்றவர்கள் என்பது பொருளன்று. பந்துக்காப்பாளர் தங்கராஜ் 1958 இலேயே ஆசியாவின் தலைசிறந்த பந்துக்காப்பாளர் எனப் பாராட்டப்பெற்றவர். மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணி 1955 இலும் 1958 இலும் டுராண்ட் கிண்ணத்தை வென்றபோது அதன் காவலராய் நின்றவர். எனவே அவர் தகுதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் வினா தகுதியைப் பற்றியதன்று. தகுதியுடையோர் பலருள் எவர் தெரிந்தெடுக்கப்படுகின்றனர் என்பதைப் பற்றியது. அதே வெற்றி அணியில் அருமைநாயகம், எதிராஜ், சந்திரசேகரன், பிராங்கோ முதலியோரும் இருந்தனர். அவர்கள் பெயர் அருச்சுனா விருதுப் பட்டியலில் இல்லை. ஆகவே, கிண்ணம் வாயிலைத் திறக்கிறது. ஆயின் உள்ளே புகுவோரின் எண்ணிக்கையை அது வரையறுக்கவும் செய்கிறது. பதினொருவர் கூடி ஈட்டிய வெற்றி தனியாள் புகழாக மாற்றப்படும்போது அணித்தலைவரும், கோல் பெற்றவரும், பந்துக்காப்பாளரும் கண்ணுக்குப் புலனாகின்றனர். நடுக்களத்தில் உழைத்தவர் நிழலில் மறைகின்றார். கூட்டுழைப்பின் பயன் சிலர்தம் பெயரில் வரவுவைக்கப்படும் இப்போக்கு விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

இதற்கு மறுதலையான சான்று 1956 ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக் விழாவாகும். டிசெம்பர் 1 ஆம் நாள் அவுஸ்திரேலிய அணியை இந்தியா அதன் மண்ணிலேயே 4-2 என்ற கணக்கில் வென்றது. அவ்வாட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்களைப் பெற்றார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் மூன்று கோல்களை ஓராட்டத்தில் பெற்ற முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் யூகோசிலாவியாவுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலையும் அவரே பெற்றார். நான்கு கோல்களுடன் அவ்விழாவில் அதிக கோல் பெற்றோர் மூவருள் ஒருவராகவும் அவர் விளங்கினார். ஆனால் இந்தியா அரையிறுதியில் 1-4 என்றும், மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்றும் தோற்று நான்காமிடத்தையே பெற்றது. நான்காமிடத்துக்குப் பதக்கம் இல்லை. டிசூசா 1980 இல் மறைந்தார்; அருச்சுனா விருது அவரைச் சேரவில்லை. விருது தோன்றுவதற்கு முன்னரே அவருடைய பொற்காலம் கழிந்துவிட்டது என்று இதற்குக் காரணம் கூறலாம். அக்காரணம் ஓரளவு பொருந்துவதே. எனினும் ஆசியாவின் தங்கப்பதக்கம் உலகின் நான்காமிடத்தைக் காட்டிலும் நினைவுக்கு எளிதாய் அமைந்தது என்பதை மறுத்தல் இயலாது.

1970 ஆம் ஆண்டு பாங்கொக்கில் இந்தியா வெண்கலப்பதக்கம் பெற்றது. அவ்வணித் தலைவர் சையத் நயீமுதீன் அவ்வாண்டிலேயே விருது பெற்றார். அதே அணியைச் சேர்ந்த மகன் சிங், ஹபீப், சுதீர் கர்மகர் ஆகியோர் பின்னர் வெவ்வேறு ஆண்டுகளில் அதனைப் பெற்றனர். பதக்கம் கிடைத்த அணி விருதாளரை ஈன்றெடுக்கும் விதி இங்கும் தொழிற்படக் காணலாம். பிற்காலத்து விதிகள் சர்வதேசப் பதக்கங்களுக்குப் புள்ளி வழங்கி இவ்வழக்கத்தை எழுத்திலேயே நிலைநாட்டிவிட்டன.

ஆயினும் கிண்ணம் ஒன்றே புகழின் ஊற்று என முடிவுகட்டுதல் அவசரமாகும். இம்முடிபை அசைக்கும் சான்று கோஷ்ட பால் என்பாரின் வரலாறு. மோகன் பகான் கழகம் 1911 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் நாள் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவினரை 2-1 என வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. வெறுங்காலுடன் ஆடிய வங்காளிகள் வெள்ளைப்படையினரை வென்ற அந்நிகழ்ச்சி, வங்கப் பிரிவினை எதிர்ப்பின் சூழலில் விடுதலையுணர்வின் குறியீடாயிற்று. அப்பதினொருவரும் இன்றும் அமரர் வரிசையில் வைத்துப் போற்றப்படுகின்றனர். கோஷ்ட பால் அக்கழகத்தில் சேர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டில். அவர் ஆடிய காலமெல்லாம் கழகம் கேடயத்தை மீண்டும் வெல்லவில்லை; அடுத்த கேடயம் 1947 இலேயே கிடைத்தது. கல்கத்தா லீக் பட்டமோ அவர் ஓய்வுபெற்ற பின்னர் 1939 இல்தான் முதன்முறையாகக் கழகத்தைச் சேர்ந்தது. இவ்விரு பெருங்கிண்ணங்களுள் ஒன்றையேனும் வெல்லாத அவர், வெள்ளையர் அணிகளைத் தடுத்து நிறுத்திய பின்காவலராய்ச் ‘சீனப் பெருஞ்சுவர்’ எனப் பெயர்பெற்றார். 1962 இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் உதைபந்தாட்ட வீரரும் அவரே. தங்கப்பதக்க அணித்தலைவர்களான சைலேன் மன்னாவுக்கு 1971 இலும், சுனி கோஸ்வாமிக்கு 1983 இலுமே அவ்விருது கிட்டியது.

இதிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? வெற்றி என்பது வெறும் எண்ணிக்கையன்று. அது ஒரு கதை. ஒரு காலத்துச் சமுதாயம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதைக்கு எவ்வீரன் பொருந்துகின்றானோ அவனே புகழ்பெறுகிறான். அடிமைப்பட்ட நாட்டுக்கு எதிர்த்து நின்ற தோள் போதுமானதாயிருந்தது. விடுதலைபெற்ற நாட்டுக்கோ உலக அரங்கில் காட்டுவதற்குப் பதக்கம் வேண்டியதாயிற்று.

மேலைநாட்டுச் சான்றும் இதனை வலியுறுத்தும். இங்கிலாந்தின் தேசிய உதைபந்தாட்ட அருங்காட்சியகம் 2002 இல் புகழ்மண்டபத்தைத் தொடங்கியபோது முதல் வரிசையிலேயே ரொம் பின்னி இடம்பெற்றார். முதற்பிரிவு லீக் பட்டத்தையோ எப். ஏ. கிண்ணத்தையோ அவர் ஒருபோதும் வென்றவரல்லர். உலகக்கிண்ணப் போட்டியில் ஒருமுறையேனும் ஆடாத ஜோர்ஜ் பெஸ்ற்றும் அவ்வரிசையில் உண்டு. அங்கு முதலில் இடம்பெற்ற பெண் லில்லி பார். அவர் ஆடிய பெண்கள் அணியின் ஆட்டத்தைக் காண 1920 டிசெம்பர் 26 ஆம் நாள் லிவர்பூலில் ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அத்தடை அரை நூற்றாண்டு நீடித்தது. போட்டியே மறுக்கப்பட்டவரிடம் எத்தனை கிண்ணம் வென்றீர் என்று வினவுதல் எத்துணை அநீதி! இந்தியாவிலும் 1983 இல் சாந்தி மல்லிக் அருச்சுனா விருது பெற்றபின், இரண்டாவது பெண் உதைபந்தாட்ட வீராங்கனையான மணிப்பூரின் பெம்பெம் தேவி அதனைப் பெற 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தெற்காசியப் பெண்கள் சாம்பியன் போட்டி தொடங்கியதே 2010 இல்தான் என்பதை இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைத் தேசிய அணி தெற்காசியச் சாம்பியன் பட்டத்தை ஒருமுறையே, 1995 இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று பெற்றுள்ளது. கிண்ணமே அளவுகோலாயின் நம் உதைபந்தாட்ட வரலாறு முழுவதும் அவ்வொரு தலைமுறையினுள் அடங்கிவிடும். அதற்கு முன்னும் பின்னும் ஆடியோர் வெற்றிடமாவர். நாட்டின் நிலையே இதுவாயின், நாட்டினுள் ஓரத்தில் அமைந்த ஊர்களின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கற்பிட்டிக் குடாநாட்டில் மீன்பிடியும் தோட்டப்பயிரும் பிழைப்பாகக் கொண்ட ஊர்களுள் பள்ளிவாசல்துறையும் ஒன்று. இத்தகைய ஊரில் பிறந்த இளைஞனொருவன் இறுதியாட்டம் ஒன்றில் கால்வைப்பதற்கு ஊர்க்கழகம், மாவட்ட லீக், தலைநகர்க் கழகம், தேசிய அணி எனப் படிகள் பல ஏறவேண்டும். புத்தளம் நகரிலிருந்தே கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. தொழிலுக்குப் போகாத நாளில் கூலியில்லாத குடும்பத்துக்கு அப்பயணம் பொருளியற் பிரச்சினை. கிண்ணம் திறமைக்கு மட்டும் கிடைப்பதன்று. திறமை கிண்ணத்தை அடையும் பாதையில் வர்க்கமும் தூரமும் சுங்கச்சாவடிகளாய் நிற்கின்றன.

இக்கடற்கரைக்கு மற்றொரு துயரமும் உண்டு. 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஆடியவர்களும் அவர்களுள் அடங்குவர். வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தோர் வென்ற கேடயங்களையும், கழகப் பதிவேடுகளையும், அணிப் புகைப்படங்களையும் சுமந்து வரும் நிலையில் இருந்தனரல்லர். வென்றதற்கே சான்றில்லாதவரைக் கிண்ணத்தை அளவுகோலாக்கும் பட்டியல் இருமுறை தோற்கடிக்கிறது.

தமிழ் மரபு இதற்கு வேறோர் அளவுகோலைத் தந்துள்ளது. தொல்காப்பியம் நடுகல் எடுத்தலைக் காட்சி முதல் வாழ்த்தல் வரை அறுவகைப்படுத்திக் கூறும். கல் நடப்பெற்றவன் பொருது வீழ்ந்தவன். வென்று மீண்டவன் அல்லன். வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். புறப்புண்ணுக்கு நாணிச் சேரமான் வடக்கிருந்தான். வெற்றிபெற்ற வேந்தனின் முன்னிலையிலேயே, தோற்றவன் அவனினும் நல்லவன் அல்லனோ என வினவினார் வெண்ணிக்குயத்தியார். புகழ் வெற்றியின் நிழலாகவே இருக்கவேண்டியதில்லை என்பதை ஒரு பெண்பாற் புலவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அரசவையில் உணர்த்தினார்.

ஆதலின் நாம் வேண்டுவது கிண்ணத்தைப் புறக்கணித்தலன்று. வென்ற கிண்ணத்தோடு, எவ்வாய்ப்புகளின் நடுவே ஆடினார், எத்தடைகளைக் கடந்தார், உடன் ஆடியோரும் எதிர்த்து ஆடியோரும் அவரை எவ்வாறு மதித்தனர் என்பனவும் அளவுகோலாதல் வேண்டும். இதற்குத் தேவையான சான்றுகள் நூலகங்களில் இல்லை. முதியோர் நினைவில் உள்ளன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் நாட்டார் பாடல்களைத் தொகுக்கக் கிராமங்களுக்குச் சென்றமை போன்றே, கடற்கரை ஊர்களின் விளையாட்டு வரலாற்றைத் தொகுக்கவும் புறப்படுதல் வேண்டும். ஊர்க்கழகம் ஒவ்வொன்றின் ஆட்டவீரர் பெயரும், ஆடிய ஆண்டும், ஆடிய நிலையும், அவர் செய்த தொழிலும் குறிக்கப்பட்ட எளிய பதிவேடு ஒன்று போதும். அத்தகைய பதிவேடு பள்ளிவாசல்துறையிலிருந்து தொடங்குமாயின் அது நாட்டுக்கே முன்மாதிரியாகும். நினைவுடையோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்; பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.