பழசு மாதிரித் தெரியாத ஒரு பழைய பாலம்

2024 ஜூலை மாதக் கடைசியில், வியட்நாமின் ஹோய் ஆன் நகரிலுள்ள ஒரு சின்னப் பாலத்தைச் சுற்றியிருந்த சாரம் கழற்றப்பட்டது. ஒன்றரை வருடத்துக்கும் மேலாக நடந்த திருத்தவேலை முடிந்து பாலம் வெளியே தெரிந்ததும் சமூக வலைத்தளங்களில் ஒரே சண்டை. சுவர் பளிச்சென்று இருக்கிறது, நிறம் கண்ணைக் குத்துகிறது, அந்தப் பழைய அழகு எங்கே போனது என்று ஆட்கள் கேட்டார்கள். எங்கட பேச்சில் சொன்னால், "உதென்ன, நேற்றுக் கட்டின மாதிரிக் கிடக்கு!"

கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்டு 20,000 டொங் நோட்டிலேயே இருக்கிற பாலம் அது. ஆனால் இந்தச் சண்டைக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு மரப்பாலத்தில் "பழசு" என்று நாங்கள் எதைச் சொல்கிறோம்? மரத்தையா, வடிவத்தையா, அல்லது படத்தில் பார்த்துப் பழகிய அந்த மங்கின நிறத்தையா?

கட்டியவர்கள் போய்விட்டார்கள்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஹோய் ஆன் பெரிய துறைமுகம். யப்பானிய வணிகர்களும் சீன வணிகர்களும் அங்கே தங்கி வியாபாரம் செய்தார்கள். இரண்டு பகுதியையும் பிரித்த ஓடையின் மேல் யப்பானியர் பாலம் போட்டார்கள். 1593 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. நீளம் இருபது மீற்றர்கூட வராது. ஒரு முனையில் குரங்குச் சிலைகள், மற்ற முனையில் நாய்ச் சிலைகள். குரங்கு ஆண்டில் வேலை தொடங்கி நாய் ஆண்டில் முடிந்தது என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். இன்னொரு கதையும் உண்டு. தலை இந்தியாவிலும் வால் யப்பானிலும் முதுகு ஹோய் ஆனிலுமாக ஒரு பூதாகார உயிர் நிலத்துக்குக் கீழே கிடக்கிறதாம். அது புரண்டால் பூமி அதிரும். அசையாமல் இருக்க அதன் முதுகில் இறக்கிய வாள்தான் இந்தப் பாலமாம்.

1635இல் யப்பானின் தொக்குகாவா அரசு தன் மக்கள் வெளிநாடு போவதையும், போனவர்கள் திரும்பி வருவதையும் தடைசெய்தது. ஹோய் ஆனின் யப்பானியக் குடியிருப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. பாலம் மட்டும் நின்றது.

இனி அதைப் பார்த்துக்கொண்டது யார்? அங்கேயே இருந்த வியட்நாமியரும் சீனரும்தான். 1653இல் பாலத்தின் பக்கவாட்டில் ஒரு சிறிய கோயிலைச் சேர்த்தார்கள். இன்றும் உள்ளூர்ச் சனம் அதைப் "பாலக் கோயில்" என்ற பொருளில் சூவா கவ் என்றுதான் கூப்பிடுகிறது. 1719இல் அங்கு வந்த ஆட்சியாளர் நுயென் புக் சூ, தூரத்திலிருந்து வந்தவர்களின் பாலம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பிறகு 1817, 1865, 1915 என்று திருத்தங்கள் தொடர்ந்தன. ஒவ்வொரு முறையும் திருத்தியவர்களின் கைவண்ணமும் ஏறியது. கூரையும் அலங்காரமும் இன்றைக்கு வியட்நாமிய, சீனப் பாணியில்தான் இருக்கின்றன. பேர் மட்டும் "யப்பானியப் பாலம்."

இதில் இன்னொரு விசயம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வாகனம் போவதற்காகப் பாலத்தின் வளைந்த தளத்தைத் தட்டையாக்கினார்கள். 1986 திருத்தத்தில்தான் வளைவு திரும்பி வந்தது. ஆக, 2024இல் "பழைய பாலம் போய்விட்டது" என்று கவலைப்பட்ட பலரின் மனதில் இருந்த பாலத்தின் தளத்துக்கு நாற்பது வயசுகூட ஆகவில்லை.

கூரை எதற்கு?

பாலத்துக்குக் கூரை என்றதும் நடப்பவர்களுக்கு நிழல் என்று நினைப்போம். அதுவும் உண்டு, ஆனால் கூரை முதலில் காப்பது மரத்தை. மரச்சட்டங்கள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துகளில் மழைநீர் தேங்கினால் உள்ளே உக்கத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூரை போட்டால் மழையை ஓடு வாங்கிக்கொள்ளும். உடைந்த ஓட்டை மாற்றுவது சுகம், உக்கின தீராந்தியை மாற்றுவது கஷ்டம்.

ஆனால் ஹோய் ஆனில் தண்ணீர் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகி நகரத்துக்குள் வரும். கால்கள் நனையும், அடித்தளம் அரிக்கும், கறையான் ஏறும். இவற்றுக்கு மேலே நாள் முழுக்க உல்லாசப் பயணிகளின் பாரம். கடைசியில் பாலத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது.

2022 டிசம்பரில் வேலை தொடங்கியது. செலவு சுமார் 20 பில்லியன் டொங், அதாவது ஏறக்குறைய எட்டு இலட்சம் அமெரிக்க டொலர். பாலத்துக்கு மேல் ஒரு பெரிய கொட்டகை போட்டு, கூரையை இறக்கி, மரச்சட்டகத்தைக் கழற்றி, அடித்தளத்தைப் பலப்படுத்தினார்கள். ஒவ்வொரு மரத்துண்டையும் சோதித்து, பாவிக்கக்கூடியதைத் திரும்பப் பாவித்தார்கள். யப்பானிய நிபுணர்களும் ஆலோசனை சொன்னார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்தது, வேலை நடக்கும்போதே சனம் உள்ளே வந்து பார்க்க வழி விட்டதுதான். 2024 ஓகஸ்ட் 3இல் பாலம் திறக்கப்பட்டது. நிறம் பற்றிய கேள்விக்கு, பழைய பூச்சின் தடயங்களைப் பார்த்தே தீர்மானித்தோம், வெயிலும் மழையும் பட அது தானாக மங்கும் என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள்.

எது உண்மையான பழசு?

இது ஹோய் ஆனின் பிரச்சினை மட்டும் இல்லை. சுவிற்சர்லாந்தின் லுசேர்ன் நகரில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கூரையிட்ட மரப்பாலம் ஒன்று இருக்கிறது, கப்பெல் பாலம். 1993 ஓகஸ்ட் 18இல் அதன் பெரும்பகுதி தீயில் எரிந்தது. எட்டு மாதத்துக்குள், 1994 ஏப்ரலில், திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். ஆனால் கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த 17ஆம் நூற்றாண்டு முக்கோண ஓவியங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. ஆற்றைக் கடக்கும் வழியை உடனே மீட்கலாம், ஓவியத்தை அப்படி மீட்க முடியாது. மரப்பாலத்தில் எது மாற்றக்கூடியது, எது மாற்ற முடியாதது என்பதை லுசேர்ன் நன்றாகக் காட்டுகிறது.

உலக அளவிலும் இந்த விவாதம் நடந்தது. 1964இன் வெனிஸ் சாசனம் மூலப்பொருளுக்கு மிகுந்த மதிப்புக் கொடுத்தது. கல்லில் கட்டிய ஊர்களுக்கு அது பொருந்தும். மரத்தில் கட்டி, கழற்றி, மாற்றிக்கொண்டே வந்த ஊர்கள் என்ன செய்வது? 1994இல் யப்பானின் நாரா நகரில் எழுதப்பட்ட ஆவணம், எது உண்மையானது என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் நின்றே பார்க்க வேண்டும் என்றது. பொருளோடு சேர்த்து வடிவம், பயன்பாடு, செய்யும் முறை எல்லாம் கணக்கில் வரும்.

செய்யும் முறை என்பது சின்ன விசயம் இல்லை. ஹோய் ஆனுக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிம் பொங் என்ற தச்சுக் கிராமம் இருக்கிறது. பழைய நகரத்தின் வீடுகளில் அவர்களின் கை இருக்கிறது. திருத்தவேலை நின்றால் இப்படியான ஊர்களில் அந்தக் கையும் நின்றுவிடும். பிறகு பாலம் இருந்தாலும் அதைத் திருத்த ஆள் இருக்காது.

இதற்காக விமர்சித்தவர்கள் சொன்னது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. மங்கலும் கீறலும்கூட ஒரு வரலாறுதான். அவசரத்திலும் உல்லாசப் பயணக் காசுக்காகவும் பழசை வழித்துத் துடைத்த திருத்தங்கள் உலகத்தில் எத்தனையோ. ஆனால் படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த மரம் வைக்கப்பட்டது, எது எறியப்பட்டது, அது எங்காவது எழுதப்பட்டதா, வேலை சனத்துக்கு முன்னால் நடந்ததா என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகள் எங்களுக்கும் தேவை. பதுளை மாவட்டத்தில், ஹாலி-எலவுக்குப் பக்கத்தில் பொகொட என்ற இடத்தில் ஓட்டுக் கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. இலங்கையில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மரப்பாலம் என்று அதைச் சொல்வார்கள். எங்கட ஊர்களில் நாற்சார் வீடுகளும் பழைய மடங்களும் இருக்கின்றன. கட்டியவர்களில் பலர் இப்போது அங்கே இல்லை. ஹோய் ஆனில் யப்பானியர் போனபிறகு சனம் "இது அவங்கட பாலம்தானே" என்று விட்டிருந்தால், 1817இலேயே கதை முடிந்திருக்கும். மிச்சம் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி, தங்கட ஓடு போட்டு, தங்கட சாமியையும் வைத்துத் திருத்தினார்கள். அதனால்தான் 2024இல் அதன் நிறத்தைப் பற்றிச் சண்டை பிடிக்க ஒரு பாலம் இருந்தது.