மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889)

தமிழின் முதல் நாவலை எழுதியவர், மாவட்ட முன்சீபு, கவிஞர், தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்கு உணவளித்தவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்க வேளாளர் குடும்பத்தில் 1826 அக்டோபர் 11 அன்று பிறந்தார். பெற்றோர் சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள்.  அன்று அதே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த அரியலூர்ச் சீமையின் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், பிள்ளைக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தமிழில் உரைநடைக் கதை எழுதியிருந்தார்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராய பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். 1848இல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் தரங்கம்பாடி முன்சீபாக நியமனம் பெற்றார். அடுத்துச் சீர்காழி, அதன்பின் மாயூரம். ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அங்கே நிலைத்துவிட்டார். 1872இல் பணியிலிருந்து விலகினார். மாயூரம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார்.

முன்சீபு என்ற முறையில் அவர் செய்த பெரிய காரியம் சித்தாந்த சங்கிரகம். அன்றைய உயர் நீதிமன்றமான சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை வழங்கிய தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே கிடந்தன. காணிக்காகவும் கடனுக்காகவும் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்த குடியானவர், தம் வழக்கைத் தீர்மானிக்கும் முன்தீர்ப்பு எதுவென்றே அறிய வழியில்லை. அத்தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் 1862இல் வெளியிட்டார். அக்காலத் தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லை. சட்டச் சொற்களுக்கெல்லாம் தமிழ் வடிவம் தேட வேண்டியிருந்தது. இதே கவலை அவருடைய முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்திலும் வருகிறது. நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், கட்சிக்காரரும் தமிழர். வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடக்கிறது. தம் வக்கீல் தமக்காகப் பேசுகிறாரா, தமக்கு எதிராகப் பேசுகிறாரா என்பதுகூடப் பணம் கொடுத்தவருக்கு விளங்குவதில்லை. நீதிபதி நாற்காலியில் பல ஆண்டுகள் இருந்து கண்டவர் எழுதியதால்தான் அந்தப் பகுதிக்கு அத்தனை வலு.

1859இல் வெளியான நீதிநூலில் லஞ்சம் வாங்கும் அதிகாரிகளைக் கடுமையாகச் சாடினார். பெண்மதிமாலையில் (1869) பெண்கல்விக்கு வாதாடினார். 1879இல் அச்சேறிய பிரதாப முதலியார் சரித்திரத்தில் கதைத்தலைவனைவிட அவன் மனைவி ஞானாம்பாளே உயர்ந்து நிற்கிறாள். ஆண் வேடத்தில் விக்கிரமபுரியை ஆள்கிறாள். கிளைக்கதைகளும் உபதேசங்களும் கதையோட்டத்தைத் தடுப்பது உண்மை. ஆனால் ஒரு பெண்ணின் அறிவை நாட்டின் அரசாட்சிக்கே தகுதியாகக் காட்டிய துணிவு அக்குறையை மறக்கச் செய்கிறது. இரண்டாம் நாவல் சுகுணசுந்தரி 1887இல் வந்தது.

 

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேரைக் கொன்ற தாது வருஷப் பஞ்சத்தின்போது பிள்ளை பதவியில் இல்லை. கையிலிருந்த பொருளைக் கொண்டே கஞ்சித்தொட்டிகள் அமைத்தார். அந்தக் கொடையைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். மழை வேண்டியும் பஞ்சம் தீர வேண்டியும் பிள்ளை பாடியவை சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் (1878) இடம்பெற்றுள்ளன. தலைப்புக்கேற்ப, எம்மதத்தாரும் பாடத்தக்கவை அவை.

அவருடைய நட்பு வட்டத்திலும் அதே சமரசத்தைக் காணலாம். சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கிறித்தவரான இவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரை இவர் பாடினார். இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் படித்து, பின்னர் மாயூரம் சென்று மகாவித்துவானிடம் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், தம் ஆசிரியரின் வரலாற்று நூலில் இந்த நட்பை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

பிள்ளை 1889 ஜூலை 21 அன்று காலமானார். அவர் பெரும்பாலும் முதல் நாவலாசிரியராகவே அறியப்படுகிறார். நீதிமன்றத் தமிழுக்கு வழி திறந்த சித்தாந்த சங்கிரகத்துக்கும் அதற்கு இணையான இடம் தரப்பட வேண்டும்.