தென்னமரத்தின் மறுபக்கம்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே அமைந்தது தென்னமரம் தோட்டம். 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் அங்கேதான் உருவாயிற்று. உருவாக்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். தோட்டத்துறை வாழ்வைக் களமாக்கி அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. துரையின் பக்கம் இவ்வாறு உலகறிந்த இலக்கியமாயிற்று. பெயரிலேயே தமிழ் மணக்கும் அத்தோட்டத்தில் உழைத்த நம்மவரின் பக்கம் எங்கே?

தோட்டத் தமிழர் வாழ்வு எழுதப்படாமலே போயிற்று என்பதற்கில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றியபின், தோட்டப்புறங்களை ஆராய்ந்த மாணவர் பலர். லயத்து வாசலில் அமர்ந்து முதியோர் சொல்லக் கேட்டெழுதிய ஏடுகள் அவை. ஆயினும் அவற்றுட் பல ஓரிரு படிகளாகவே தட்டச்சில் நின்றுவிட்டன. இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' என்னும் நூற்பட்டியலை 1969இல் அப்பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் நமக்குக் காட்டிய அரும்பணி அது. எனினும் பட்டியல் நூலின் இருப்பைச் சொல்லுமேயன்றி, நூலைக் கையில் தராது.

இன்று கையில் தரும் வழியும் உண்டு. பல்கலைக்கழகங்கள் கட்டணமின்றி எவரும் படிக்கத்தக்க மின்களஞ்சியங்களை நடத்துகின்றன. 2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கை வலியுறுத்திய இரு வழிகளுள் ஒன்று இது. ஆய்விதழில் கட்டுரை வந்துவிட்டால் உரிமை முழுதும் போயிற்றென்று நம் ஆய்வாளர் பலர் எண்ணிவிடுகின்றனர். அங்ஙனம் அன்று. ஏற்கப்பட்ட இறுதிக் கைப்படியைத் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பதிப்பகங்கள் பல இசைகின்றன. சில, குறித்த காலம் கழியட்டும் என்கின்றன. பிறர் திருடுவர் என்ற அச்சமும் பெரிதன்று. நாளிட்டுப் பொதுவில் வைத்த ஏட்டைக் களவாடுவதினும், எவரும் காணாத ஏட்டைக் களவாடுவதே எளிது!

ஒன்றில் மட்டும் தயக்கம் நியாயமானது. ஒரு மூதாட்டி நம்பிச் சொன்ன குடும்பச் செய்தியை அவரது இசைவின்றி ஊரறிய வைப்பது முறையன்று. அத்தகைய பகுதியை மறைத்து ஏனையதை வைக்கலாம். முழு ஏட்டையும் பூட்டி வைக்க அது காரணமாகாது.

வட சிலாங்கூரில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பட்டணம் சேர்ந்தனர். கைமாறிய தோட்டங்களுக்குப் பெயரும் மாறியதுண்டு. தாத்தா பால் மரம் வெட்டிய இடத்தைத் தேடும் மாணவன் தமிழர் வழங்கிய பழம்பெயரைத்தான் அறிவான். பதிவேட்டிலோ ஆங்கில எழுத்தில் வேறொரு பெயர் இருக்கும். ஆகவே ஏட்டைக் களஞ்சியத்தில் சேர்ப்போர் இரு பெயர்களையும் குறிப்பிடுவாராக. தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பொறிப்பாராக.