ஒரு துளி ரத்தமும் ரெண்டு கணக்கும்

இந்தியாவில் 15-19 வயசுப் பெண்களில் 54 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதை ஒட்டியே 2016-18-ல் வேறொரு தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் 10-19 வயசுப் பெண்களுக்கு 40, பையன்களுக்கு 18. அட, இடையில் எல்லாரும் முருங்கைக்கீரையா சாப்பிட்டாங்க? :-)

வயசு வரம்பு வேறதான், ஒத்துக்கறேன். ஆனா ரத்தம் எடுத்த விதமும் வேற. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து அளக்கிற வேலை பழசு. 1878-ல் லண்டன் மருத்துவர் கவர்ஸ் அதுக்கு ஒரு கருவி செய்தார். அப்புறம் ஸ்விட்சர்லாந்தின் சாலி வந்தார். நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரொம்ப காலம் ஓட்டினது அவர் முறைதான். குழாயில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் 0.02 மில்லி ரத்தம். கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும். பிறகு சொட்டுச் சொட்டாத் தண்ணீர் விட்டு, பக்கத்துக் கண்ணாடியோட நிறம் ஒத்துப்போற வரைக்கும் கலக்கணும். ஜன்னல் வெளிச்சமும் பார்க்கிறவர் கண்ணும் சேர்ந்துதான் விடை!

கண்ணை நம்பாத சின்ன மின்கருவி பிற்பாடு வந்தது. 1998-99 குடும்பநலக் கணக்கெடுப்பு அதை வீடு வீடா எடுத்துப் போச்சு. விரலில் குத்தி ஒரு துளி, ஒரு நிமிஷத்தில் எண். கிராமத்துக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனா துளி வரலைன்னா விரலைப் பிழியத் தோணும். பிழிஞ்சா திசுநீர் கலக்கும், ரத்தம் நீர்த்துப் போகும், எண் இறங்கும்.

அரை கிராம் இறங்கினா என்ன குடி முழுகிடும்னு கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1968-லேயே கோடு போட்டாச்சு: 12 வயசுக்கு மேல் பெண்களுக்கு 12 கிராம். 12.0 இருந்தா தப்பிச்சாச்சு, 11.9 ஆனா நோயாளி. நம்ம பெண்களில் ஏகப்பட்ட பேர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிக்கறாங்க. எண் கொஞ்சம் அசைந்தாலும் லட்சக்கணக்கானவங்க இந்தப் பக்கம் வந்துடுவாங்க.

2016-18-ல் நாளத்திலிருந்து ரத்தம் எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, தானியங்கி எந்திரத்தில் பார்த்தாங்க. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு மறுபடி விரலுக்கே போனது. 15-19 பெண்களுக்கு 59.1 வந்தது. உடனே இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் தோத்துப்போச்சுன்னு ஒரு கட்சி, கருவிதான் கோளாறுன்னு ஒரு கட்சி. என்னைக் கேட்டா ரெண்டாவது கட்சியும் ரொம்ப சந்தோஷப்பட ஒண்ணுமில்லை. குறைவான கணக்கிலேயே அஞ்சு பெண்ணுக்கு ரெண்டு பேர்!

அடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பில் ரத்தசோகைப் பரிசோதனையையே எடுத்துட்டாங்க. நாள ரத்தத்தை வச்சு தனியா ஒரு கணக்கெடுப்புன்னு முடிவாச்சு. 2024-ல் உலக சுகாதார நிறுவனமும் நாள ரத்தம், தானியங்கி எந்திரம் என்றே பரிந்துரைத்தது. சரியான முடிவுதான். ஆனா இனிமே வர்ற எண்ணை 1998-லிருந்து சேர்த்து வச்ச எண்களோட பக்கத்தில் வச்சு, குறைஞ்சுதா கூடுச்சான்னு பார்க்க முடியாது.