நொண்டிய காலும் மூன்று உதையும்

1971 ஜூலை கடைசியில் தாய்லாந்தின் பாக் சோங் என்ற ஊரிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்குக் கடிதங்கள் போகத் தொடங்கின. எழுதியவர் புரூஸ் லீ. பெற்றுக்கொண்டவர் அவருடைய மனைவி லிண்டா. கொசுத்தொல்லை தாங்கவில்லை. எங்கே பார்த்தாலும் கரப்பான்பூச்சி. மாட்டிறைச்சி கிடைப்பதே இல்லை, கோழியும் பன்றியும் கண்ணில் காட்டுவதோடு சரி. வரும்போது வைட்டமின் மாத்திரைகளை எடுத்துவந்தது நல்லதாகப் போயிற்று. இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. எடை 128 பவுண்டுக்கு இறங்கிவிட்டது. நம் கணக்கில் அது 58 கிலோ.

இப்படி எழுதியவரை அப்போது ஆசியாவில் பலருக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து ஹாங்காங் முழுக்க அவர் பேச்சாகவே இருந்தது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது ‘தி பிக் பாஸ்’ என்ற ஒரே படம். சுவரொட்டிகளில் நாம் பார்த்துப் பழகிய புரூஸ் லீயின் உடம்பு கல்லில் செதுக்கியது போலிருக்கும். ஆனால் அவரை நட்சத்திரமாக்கிய அந்தப் படத்தில் நடித்த உடம்பு மெலிந்தது, காய்ச்சலில் கிடந்தது, கையில் தையலும் காலில் வீக்கமும் கொண்டது. அந்த ஆறு வாரங்களைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

அவர் பாக் சோங்குக்கு வந்ததே வேறு வழியில்லாமல்தான். முந்தைய ஆண்டு, 1970 ஆகஸ்ட் 13 அன்று காலை, உடலைச் சூடேற்றிக்கொள்ளாமலே 125 பவுண்டு எடைக் கம்பியைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிர்ந்தார். முதுகின் அடிப்பகுதியில் நரம்பு பாதிக்கப்பட்டது. இனிமேல் காலைத் தூக்கி உதைப்பதை மறந்துவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மாதக்கணக்கில் படுக்கை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி கிரீன் ஹார்னட்’ தொடரில் காட்டோவாக வந்த புகழ் 1967லேயே தொடரோடு நின்றுபோயிருந்தது. பெல் ஏர் பகுதியில் வாங்கிய வீட்டுக்குத் தவணை கட்டவேண்டும். மகன் பிராண்டனுக்கு அப்போது ஐந்து வயது, மகள் ஷானனுக்கு ஒன்று. லிண்டா மாலை நேர வேலைக்குப் போனார். மனைவியின் சம்பளத்தில் வீடு நடப்பது அவரை எவ்வளவு உறுத்தியது என்பதை லிண்டாவே பிற்பாடு எழுதியிருக்கிறார். படுக்கையிலிருந்தபடியே அவர் நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். பின்னாளில் அவர் பெயரில் வெளிவந்த சண்டைக்கலை நூலின் பெரும்பகுதி அந்தக் குறிப்புகள்தான்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் நம்பியிருந்தது ‘தி சைலன்ட் ஃப்ளூட்’ என்ற படத் திட்டத்தை. நடிகர் ஜேம்ஸ் கோபர்னும் திரைக்கதையாசிரியர் ஸ்டெர்லிங் சிலிஃபன்ட்டும் கூட்டாளிகள். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு இந்தியாவில் வெளியே கொண்டுபோக முடியாத ரூபாய்ப் பணம் முடங்கிக் கிடந்தது. அதை வைத்து இங்கேயே படம் எடுக்கலாம் என்று 1971 தொடக்கத்தில் மூன்று பேரும் இந்தியாவுக்கு வந்து இடம் பார்த்தார்கள். கோபர்னுக்கு மனம் ஒப்பவில்லை. திட்டம் அதோடு கைவிட்டுப்போனது. லீக்கு அது பெரிய அடி.

ஹாலிவுட் வாசல் திறக்காதபோது ஹாங்காங் பக்கம் ஒரு சன்னல் திறந்திருந்தது. ‘தி கிரீன் ஹார்னட்’ அங்கே ‘காட்டோ ஷோ’ என்றே ஒளிபரப்பாகி, பக்கவாத்தியமாக நடித்தவரை நாயகனாக்கிவிட்டிருந்தது. இளம்பருவ நண்பர் யூனிகார்ன் சான் மூலமாக ஷா பிரதர்ஸ் அதிபர் ரன் ரன் ஷாவிடம் படத்துக்கு 10,000 டாலர் கேட்டார். வந்த பதில் 2,000 டாலர். ஷாவிடமிருந்து 1970ல் பிரிந்துபோய் கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கியிருந்த ரேமண்ட் சௌ இதைவிடச் சரியாகக் கணக்குப்போட்டார். இயக்குநர் லோ வெய்யின் மனைவி லியூ லியாங்-ஹுவாவை லாஸ் ஏஞ்சலிசுக்கே அனுப்பினார். இரண்டு படம், 15,000 டாலர் என்று ஒப்பந்தமானது. கையெழுத்துப் போட்டவர், ஷாவின் ஆட்கள் குறுக்கே வரக்கூடாது என்பதற்காக, ஹாங்காங்கில் தங்காமல் தாய்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்.

பாக் சோங் இருப்பது பாங்காக்குக்கு வடகிழக்கே, நக்கோன் ராச்சசீமா மாகாணத்தில். இன்று வார இறுதிச் சுற்றுலாவுக்கு ஆட்கள் போகும் பக்கம். அன்று அது வசதியில்லாத சிற்றூர். படத்தின் மொத்தச் செலவே ஒரு லட்சம் டாலரைத் தாண்டாத நிலையில் விடுதியும் சாப்பாடும் எப்படி இருந்திருக்கும்? கதை என்று எழுதி வைத்திருந்தது சில தாள்கள். மீதி களத்தில் முடிவாகும்.

முதல் தகராறு சண்டைக் காட்சியில் வந்தது. இயக்குநர் வூ ஜியா-ஷியாங். ஸ்டன்ட் மாஸ்டர் ஹான் யிங்-ச்சியே, வில்லனும் அவரே. ஹான் பழைய பள்ளிக்காரர். அந்தக் காலத்து ஹாங்காங் சண்டை என்பது சீன இசைநாடக மேடையிலிருந்து வந்தது. அடி, தடுப்பு, மறுஅடி, தாவல், சுழற்சி என்று மூச்சுவிடாமல் நீளும், தாளம் தப்பாத ஆட்டம் அது. லீயின் பிடிவாதம் வேறு. உண்மையில் ஒருவனை அடித்தால் அவன் விழுவான், இருபது அடி வாங்கிக்கொண்டு நிற்கமாட்டான் என்றார். எதிரி வந்தால் மூன்று உதை, ஆள் தரையில். இவருக்குச் சண்டையே தெரியவில்லை, மூன்று தடவை காலைத் தூக்குகிறார், அவ்வளவுதான் என்று ஹாங்காங் அலுவலகத்துக்குப் புகார் போனதாகச் சொல்வார்கள். அந்தக் குறையே பட்டமாகவும் ஆயிற்று. ‘மூன்றுகால் லீ’ என்பது அவருடைய புகழ்பெற்ற பட்டப்பெயர்.

எனக்கு இதில் லீயின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, ஆனால் ஹானை மட்டம் தட்டவும் மனம் வரவில்லை. இயக்குநர் கிங் ஹூவின் படங்களில் சண்டைகளை அமைத்தவர் ஹான். அவர் கையில் இருந்தது பல தலைமுறையாகக் கைமாறி வந்த கலை. லீயின் தந்தை லீ ஹோய்-சுவென்னும் கான்டனீஸ் இசைநாடக நடிகர்தான். அந்த மேடையின் அருகிலேயே வளர்ந்த மகன், அதன் இலக்கணத்தை வேண்டாம் என்று தள்ளியது அறியாமையால் அல்ல. வேறொன்றைத் தேடிக் கண்டுபிடித்திருந்ததால்.

வூ விலக்கப்பட்டு லோ வெய் வந்தார். அதனால் நிலைமை தேறிவிடவில்லை. படம் கற்றுக்குட்டித்தனமாக இருக்கிறது, முடிவெடுக்கத் தெரியாதவருக்குப் பதிலாக வந்த புதியவரும் சுமார்தான், ஆனால் தலைக்கனம் மட்டும் பொறுக்க முடியவில்லை என்ற பொருளில் லீ மனைவிக்கு எழுதினார். லோ வெய் ஷாவிடம் ஏகப்பட்ட படங்கள் எடுத்துப் பழகியவர். அவர் தளத்தில் அவர் சொல்தான் கடைசிச் சொல். பின்னாளில் லீயைத் திரைச்சண்டைக்குப் பழக்கியது நானே என்று அவர் பத்திரிகைகளில் பேசினார். அந்தப் பேச்சு இருவருக்கும் நடுவே கடைசிவரை ஆறாத புண்ணாக இருந்தது.

உடம்பு வேறு ஒவ்வொன்றாகக் கைவிட்டது. மெல்லிய கண்ணாடித் தம்ளரைக் கழுவும்போது அது கையிலேயே உடைந்து பத்துத் தையல். சண்டையில் வந்த காயமாக இருந்திருந்தால் கதையாவது மிஞ்சியிருக்கும். பிறகு உயரத்திலிருந்து குதித்த ஒரு காட்சியில் கணுக்கால் மோசமாகச் சுளுக்கிக்கொண்டது. உள்ளூரில் தகுந்த மருத்துவர் இல்லாததால் பாங்காக் வரை வண்டியில் போய்வந்தார். போதாததற்கு ஃப்ளூ காய்ச்சல், மூக்கடைப்பு. முதுகு வலி எப்போதும் உள்ளதுதான், அது அவர் உயிரோடிருந்தவரை விடவில்லை. இத்தனையோடும் ஷூட்டிங் நிற்கவில்லை. நின்றால் பணம் போகும். எனவே காலை இழுத்து இழுத்து நடந்தவரை வைத்து, குளோசப்களாக எடுத்து, மீதிப் படத்தை முடித்தார்கள். இதையும் அவரே கடிதத்தில் சொல்கிறார்.

இதைத் தெரிந்துகொண்டபின் எனக்கு அந்தப் படம் வேறு மாதிரி தெரிகிறது. கடைசிப் பகுதியில் கேமரா அவர் முகத்தை விட்டு நகராத இடங்கள் வரும். அந்தக் கண்கள், மூக்கு விடைப்பது, உதட்டோரத்து ரத்தத்தை நாவால் சுவைத்துப் பார்ப்பது. அந்த முகத்தின் வேகம்தான் ரசிகரைப் பிடித்து இழுத்தது. நல்ல காலோடு இருந்திருந்தால் கேமரா அவ்வளவு நெருங்கிப் போயிருக்குமா என்று தோன்றுகிறது.

கதையிலும் ஒரு விசித்திரம் உண்டு. சீனாவிலிருந்து பிழைப்புக்காகத் தாய்லாந்து வந்து, உறவினர்களோடு ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் செங் சாவ்-ஆன் என்ற இளைஞன். சண்டை போடமாட்டேன் என்று தாய்க்குச் செய்த சத்தியம் கழுத்தில் பச்சைக்கல்லாகத் தொங்குகிறது. ஐஸ் பாளங்களுக்குள் போதைப்பொருள் கடத்துவது தெரிந்துவிட்ட தொழிலாளிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். படத்தின் கிட்டத்தட்ட முதல் பாதி முழுக்க லீ கைகட்டி நிற்கிறார். சண்டை போடுவதெல்லாம் ஜேம்ஸ் டியன். அப்போது வளர்ந்துவந்த நடிகர் அவர். நாயகனாக முதலில் நினைத்திருந்தது அவரைத்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பாதியில் டியனின் பாத்திரம் கொல்லப்படுகிறது. அந்தப் பச்சைக்கல் அறுந்து விழும்போது, அதுவரை அடக்கி வைத்திருந்த எல்லாம் ஒன்றாக வெடிக்கிறது. திட்டம் மாறியதால் வந்த அமைப்பாக இருந்தாலும், ரசிகரைக் காக்கவைத்தது படத்துக்கு வரமாக முடிந்தது. சீன மொழித் தலைப்பும் இந்த இளைஞனைத்தான் சொல்கிறது. ‘தாங் மலையிலிருந்து வந்த பெரியண்ணன்’ என்பது அதன் பொருள். தாங் மலை என்பது கடல்கடந்த சீனர்கள் தாய்நாட்டுக்குச் சொல்லும் பெயர். தலைப்பில் உள்ளவர் வில்லன் அல்ல, ஊரைவிட்டு வந்த உழைப்பாளி.

இதற்கிடையே பாக் சோங்குக்கு அமெரிக்காவிலிருந்து தந்திகள் வந்தன. கிளம்புமுன் அவர் ‘லாங்ஸ்ட்ரீட்’ தொடரில் ஒரு பகுதி நடித்துக் கொடுத்திருந்தார். பார்வையிழந்த துப்பறிவாளருக்குச் சண்டை கற்றுத்தரும் ஆசானாக, தன் சொந்தத் தத்துவத்தையே வசனமாகப் பேசினார். பாரமவுன்ட் நிறுவனத்துக்கு அது மிகவும் பிடித்துப்போய், மேலும் சில பகுதிகளுக்குக் கூப்பிட்டது. கொசுவலைக்குள் காய்ச்சலோடு கிடந்த மனிதர் அந்தத் தந்தி கிடைத்ததும் சம்பளத்தை உயர்த்திக் கேட்டார். அந்தத் துணிச்சலை நான் வியக்கிறேன். கையில் காசில்லை, கால் ஊன்ற முடியவில்லை, தன் விலை மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பர் 3 அன்று தாய்லாந்து வேலை முடிந்தது. அதே மாதம் 16ஆம் தேதி ‘லாங்ஸ்ட்ரீட்’ பகுதி அமெரிக்காவில் ஒளிபரப்பானது. அக்டோபர் கடைசியில் ‘தி பிக் பாஸ்’ ஹாங்காங்கில் நள்ளிரவுக் காட்சியாக முதலில் திரையிடப்பட்டது. அந்த ஊர் ரசிகர்கள் கடுமையானவர்கள். படம் பிடிக்காவிட்டால் கூச்சலிடுவார்கள், நாற்காலியைக் கத்தியால் கிழிப்பார்கள் என்று பெயர். லீயும் லிண்டாவும் அரங்குக்குள் இருந்தார்கள். படம் முடிந்தபோது ஒரு கணம் நிசப்தம், அதன்பின் கூரை அதிர ஆரவாரம் என்று அங்கிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்குள் ஹாங்காங்கில் மட்டும் 32 லட்சம் ஹாங்காங் டாலர் வசூல். ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ அங்கே வைத்திருந்த வசூல் சாதனை உடைந்தது.

இந்தப் பணத்தில் லீயின் பங்கு என்று ஒன்றும் கிடையாது. ஒப்பந்தப்படி அவருக்குப் பேசியது பேசியதுதான். இன்னும் ஒரு படம் பாக்கியிருந்தது. அதன் பெயர் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’. இயக்குநர், மறுபடியும் லோ வெய்.

(தொடரும்)