மலையில் விழுந்த எண்மர்: பாசிகாட் போர் நினைவகத்தின் கதை

1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங் நகரிலிருந்து கிளம்பிய ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், அசாமின் சபுவா தளத்துக்கு வந்து சேரவில்லை. பி-24 லிபரேட்டர் வகையைச் சேர்ந்த அதற்கு ‘ஹாட் அஸ் ஹெல்’ என்று பெயரிட்டிருந்தார்கள். உள்ளே எட்டுப் பேர். அன்று மலைத்தொடரின் மேல் வானிலை மிக மோசம். போர் முடிந்த பிறகு தேடியவர்களுக்கும் தடயம் கிடைக்கவில்லை.

குண்டுவீச்சு விமானத்துக்கு அந்த வழியில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும், சீனாவுக்குப் பொருள் போய்க்கொண்டிருந்த பர்மாச் சாலை அடைபட்டது. மிஞ்சியது ஆகாயம்தான். அசாமின் தளங்களிலிருந்து கிழக்கு இமயத்தின் கிளை மலைகளைத் தாண்டிக் குன்மிங் வரை பெட்ரோலும் குண்டும் மருந்தும் பறந்து போயின. விமானிகள் அந்த வழியை ‘ஹம்ப்’ என்றார்கள். சீனாவிலிருந்து போரிட்ட 308ஆம் குண்டுவீச்சுப் பிரிவு தனக்கு வேண்டிய எரிபொருளையும் குண்டுகளையும் தானே போய்ச் சுமந்துவர வேண்டியிருந்தது. அப்படிச் சரக்கெடுக்க வந்தபோதுதான் இந்த விமானம் விழுந்தது. போர் முடிவதற்குள் அந்த வான்வழி ஏறத்தாழ ஆறரை லட்சம் டன் சரக்கைச் சுமந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்களைப் பலி கொண்டது. எதிரியின் துப்பாக்கியைவிட மேகமும் பனியும் காற்றும் வீழ்த்தியவையே அவற்றில் அதிகம்.

62 ஆண்டுகள் கழித்து, 2006 இறுதியில், கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்க மலையேறி அருணாசலப் பிரதேசத்தின் மேல் சியாங் பகுதியில், தாம்ரோ ஊரை ஒட்டிய மலைச்சரிவில் சிதறிக் கிடந்த விமானத்தைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். சொன்னவர் அவர், வழிகாட்டியவர்கள் உள்ளூர் மக்கள். அந்தக் காடுகளில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு எந்தச் சரிவில் எந்த உலோகத் துண்டு கிடக்கிறது என்பது தெரிந்த சங்கதிதான். அந்த மலைவாசிகளுக்கு உரிய பாராட்டு இன்னும் முழுதாகப் போய்ச்சேரவில்லை என்பது என் எண்ணம்.

இடம் தெரிந்த பிறகும் முறையான அகழ்வுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 2015 இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் குழு அந்தச் சரிவைத் தோண்டியது. கிடைத்த எச்சங்கள் 2016 ஏப்ரலில் டெல்லியிலிருந்து இராணுவ மரியாதையுடன் அனுப்பப்பட்டன. ஆய்வுக்குப் பின் அவை ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு என்ற லெப்டினன்ட்டுடையவை என்று உறுதியானது. இறந்தபோது அவருக்கு வயது 24. 2017 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தின் கான்கார்டு என்ற சிற்றூரில், அவர் பிறந்த மண்ணிலேயே அடக்கம் நடந்தது. 73 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பையன் வீடு திரும்பியதைப் பார்க்க அவனைப் பெற்றவர்கள் இல்லை.

அவரோடு விழுந்தவர்கள்: வில்லியம் ஸ்வான்சன், ஷெல்டன் சேம்பர்ஸ், இர்வின் ஜேட்ஸ், சார்லஸ் கின், ஹாரி குயின், ஜேம்ஸ் ஹின்சன், ஆல்ஃபிரட் ஜெரன்ஸ். உடையார்பாளையத்தில் வெளியாகும் மலரில் இந்தப் பெயர்கள் எதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். நம் நாட்டு மலையில் விழுந்தவர்கள் அவர்கள். நம் மொழியிலும் ஒருமுறை அவர்கள் பெயர் அச்சேறட்டும்.

இப்படிப்பட்டவர்களுக்காக எழுந்ததுதான் பாசிகாட்டில் உள்ள ‘ஹம்ப்’ இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகம். சியாங் ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் ஊர் பாசிகாட். 2023 நவம்பர் 29 அன்று அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டி, அருணாசல முதல்வர் பேமா காண்டு ஆகியோர் முன்னிலையில் அது திறக்கப்பட்டது. மலைகளிலிருந்து இறக்கிவந்த விமானச் சிதைவுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். டெல்லியிலோ கொல்கத்தாவிலோ வைத்திருந்தால் பார்வையாளர் கூட்டம் கூடியிருக்கும். ஆனாலும் அவர்கள் விழுந்த மலையின் அடிவாரத்தில், அந்தத் துண்டுகளை இத்தனை காலம் பார்த்துவந்த மக்களிடமே வைத்ததுதான் சரி.

போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நமக்குப் புதிதல்ல. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, வாழ்த்தி வழிபடுவது வரை அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. பெயரும் பெருமையும் கல்லில் பொறிக்கப்பட வேண்டும் என்பதில் சங்கப் புலவர்கள் தெளிவாக இருந்தார்கள். பிற்காலத்தில் வெள்ளை அரசு முதல் உலகப்போருக்குப் பின் நம் ஊர்கள் பலவற்றில் பதித்த கல்வெட்டுகளைப் பாருங்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்கின்றன. யார் என்று சொல்வதில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டம் வேறு விதம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்த்த அந்த இடத்தில் 856 பேருக்குத் தனித்தனிக் கல் உண்டு.

1942இல் ‘ஹம்ப்’ விமானங்கள் பறக்கத் தொடங்கிய அதே நாட்களில், அவற்றுக்குக் கீழே இருந்த காட்டுவழிகளில் பர்மாவிலிருந்து நம் மக்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அரிசி ஆலைக் கூலிகள், துறைமுகத் தொழிலாளர்கள், கடைக் கணக்கப்பிள்ளைகள், கைக்குழந்தையோடு பெண்கள். மணிப்பூர் வழியாகவும் ஹுக்காவுங் பள்ளத்தாக்கு வழியாகவும் வந்தவர்களில் பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தார்கள். அடுத்த ஆண்டு, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், ஜப்பானியப் படை போட்ட சயாம் மரண ரயில்பாதையில் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். அதே பாதையில் இறந்த போர்க்கைதிகளில் 6,982 பேருக்குக் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டம் இடம் தந்திருக்கிறது. நம்மவர்களுக்கோ தமிழ் அமைப்புகளின் முயற்சியால் அண்மையில்தான் அங்கே ஒரு நடுகல் எழுந்தது. அதிலும் ஒவ்வொருவர் பெயராக எழுத இனி வழியில்லை.

அன்றைய திருச்சி மாவட்டத்தில் இருந்த நம் உடையார்பாளையம் வட்டாரத்திலும் பட்டாளத்துக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன தாத்தாக்களின் கதைகள் வீடுகளில் இன்னும் புழங்குகின்றன. அவை அச்சேறாமல் போனால், அடுத்த தலைமுறையிடம் மிஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே.

ஆகவே இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழைய விடுவிப்புச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், ரங்கூன் முத்திரை விழுந்த கடிதம், எதுவானாலும் எடுத்து வையுங்கள். ஆறு முனை கொண்ட பர்மா ஸ்டார் பதக்கம் இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள்; இந்தியச் சிப்பாய்களுக்குத் தந்த பதக்கங்களின் பின்பக்கத்தில் அவர்களின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். போனவரின் பெயர், தகப்பனார் பெயர், தெரு, போன ஆண்டு, வேலை பார்த்த தோட்டம் அல்லது படைப்பிரிவு, திரும்பினாரா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதி மலர்க் குழுவிடம் கொடுங்கள். அடுத்த மலரில் அந்தப் பட்டியலை ஊர்வாரியாக முழுதாக வெளியிட வேண்டும்.