மரப்பெட்டியும் கணிப்பொறியும்: பெருவின் கறுப்பிசை கடந்து வந்த பாதை

பெரு என்றதும் நம் நினைவுக்கு வருபவை மச்சு பிச்சுவும் ஆந்திஸ் மலைத்தொடரும் அம்மலைகளில் ஒலிக்கும் மூங்கிற்குழல்களுமே. அந்நாட்டின் பசிபிக் கடலோரத்தில் ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர் என்பதும், அவர்களுக்கென்று ஆழமான இசைமரபு ஒன்று உண்டு என்பதும் இலத்தீன் அமெரிக்க இலக்கியத்தை விரும்பிப் படிப்பவர்களுக்குக்கூட அவ்வளவாகத் தெரியாதவை. கடந்த கால் நூற்றாண்டில் அந்த இசை மின்னணு ஒலிகளோடு கலந்து உலகின் பல நகர அரங்குகளை எட்டியிருக்கிறது. இது மரபின் வளர்ச்சியா, சிதைவா என்ற வினா உடன் எழுகிறது. விடை தேடுமுன், மரபு என்று நாம் இங்கே எதைக் குறிக்கிறோம் என்பதைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு வரலாற்றுக்குள் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் இன்கா பேரரசை வீழ்த்தியபோதே ஆப்பிரிக்க அடிமைகளும் அந்த மண்ணில் கால் வைத்தனர். அட்லாண்டிக்கைக் கடந்து கார்த்தஹேனாவில் இறக்கப்பட்டு, பனாமாவின் நிலஇடுக்கைத் தாண்டி, மீண்டும் கப்பலேறிக் கால்யாவோ துறைமுகத்தை அடைந்த நெடும்பயணம் அவர்களுடையது. பல இனக்குழுக்களைச் சேர்ந்தவர்கள், பல மொழி பேசியவர்கள், வழிநெடுகப் பிரிக்கப்பட்டும் கலக்கப்பட்டும் வந்து சேர்ந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு லீமாவின் மக்கள் தொகையில் ஏறத்தாழப் பாதி அவர்களே. வீட்டுப் பணிகளிலும், கடலோரச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்தனர். 1821இல் பெரு விடுதலையை அறிவித்தது. ஆனால் அடிமை முறை ஒழிய 1854 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ரமோன் காஸ்தீயா பிறப்பித்த ஆணையால் ஏறத்தாழ 25,000 பேர் விடுதலை பெற்றனர். அரசு இழப்பீடு வழங்கியது. அது உடைமையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உழைத்தவர்களுக்கு நிலமும் இல்லை, பொருளும் இல்லை.

இத்தகைய வாழ்வில் இசைக்கருவிகள் எப்படிப் பிழைத்திருக்கும்? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் த்ருஹீயோ பகுதியின் ஆயராக இருந்த மார்த்தீனெஸ் கொம்பாஞோன் தம் மறைமாவட்ட வாழ்வை நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டுவித்தார். அவற்றுள் ஒன்றில் கறுப்பின மக்கள் மரிம்பா வாசித்து ஆடுகின்றனர். அந்த மரிம்பா பிற்காலத்தில் பெருவில் வழக்கொழிந்தது. எஞ்சியவை எளிய பொருட்களிலிருந்து பிறந்த கருவிகளே. கழுதையின் உலர்ந்த தாடை எலும்பைக் கையால் தட்டினால் பற்கள் தளர்ந்து கலகலக்கும், அது 'கிஹாதா'. தேவாலயக் காணிக்கைப் பெட்டியை ஒத்த சிறு பெட்டியின் மூடியைத் திறந்து மூடியும் குச்சியால் தட்டியும் வாசிப்பது 'கஹீத்தா'. சரக்குப் பெட்டியிலிருந்து உருவானதாகக் கருதப்படும் மரப்பெட்டி முழவு 'கஹோன்'. வாசிப்பவர் அதன் மேலேயே அமர்ந்து, முன்புறத்து மெல்லிய பலகையைக் கைகளால் தட்டுவார். பலகையின் நடுவில் தாழ்ந்த முழக்கமும் மேல்விளிம்பில் கூரிய ஒலியும் எழும். பின்புறத்துத் துளை வழியே ஒலி வெளிவரும். முழவுகள் தடைசெய்யப்பட்டதால்தான் பெட்டி முழவாயிற்று என்று பலர் சொல்வதுண்டு. தடை காரணமோ வறுமை காரணமோ, கையில் கிடைத்ததைக் கருவியாக்கிய மனத்திண்மை வியப்புக்குரியது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விசை மறைந்துகொண்டிருந்தது. சில குடும்பங்களின் முதியோர் நினைவில் மட்டும் துண்டு துண்டாக அது தங்கியிருந்தது. 1956இல் அறிஞர் ஹோசே துராந்த், அந்தத் துண்டுகளைத் திரட்டி 'பாஞ்சோ ஃபியேரோ' என்னும் குழுவை லீமா மேடையில் ஏற்றினார். அடுத்து வந்தவர்கள் சாந்தா குரூஸ் உடன்பிறப்புகள். தம்பி நிக்கொமேதெஸ் (1925–1992) இளமையில் கொல்லுப் பட்டறையில் உழைத்தவர். பின்னர் 'தேசிமா' என்னும் பத்தடிப் பாவகையில் பெரும்புகழ் பெற்ற கவிஞர். தமக்கை விக்தோரியா (1922–2014) நாடகக் கலைஞர், நடன ஆசிரியர். இருவரும் இணைந்து 1950களின் இறுதியில் 'குமனானா' குழுவை நடத்தினர். 1969இல் ரொனால்தோ காம்போஸ் 'பெரூ நெக்ரோ' குழுவை நிறுவினார்.

இவர்கள் செய்த பணியை மீட்டெடுப்பு என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மையே. 'லாந்தோ' என்னும் ஆடல் அப்போது முழு வடிவில் எவருடைய நினைவிலும் இல்லை. மூதாதையர் நினைவு உடலுக்குள் உறங்குகிறது, ஆடலின் வழியே அதை எழுப்பலாம் என்று விக்தோரியா நம்பினார்; அந்த நம்பிக்கையைக் கொண்டே அடவுகளை அமைத்தார். நிக்கொமேதெஸோ அங்கோலாவின் 'லுந்து' ஆடலோடு அதற்கு உறவு கண்டார். ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதத்துக்குரிய கருத்து அது. கியூபாவின் கொங்கா, பொங்கோ முழவுகளும் குழுக்களில் இடம்பெற்றன. ஆக, இன்று 'பழைய மரபு' என்று நாம் கேட்பது பெரும்பாலும் 1950களுக்கும் 1970களுக்கும் இடையே மேடைக்காகவும் ஒலித்தட்டுக்காகவும் மறுபடி கட்டப்பட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அழிக்கப்பட்ட வரலாற்றை உடையவர்களுக்குக் கற்பனையும் ஒரு சான்றாதாரமாகிவிடுகிறது.

இங்கே இன்னொரு நிகழ்வையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1977இல் ஸ்பானிய கிதார் மேதை பாகோ தெ லூசியா லீமாவுக்கு வந்தபோது, காய்த்ரோ சோத்தோ என்னும் கறுப்பினக் கலைஞர் வழியாகக் கஹோன் அவர் கைக்குக் கிட்டியது. அது ஃபிளமெங்கோ இசைக்குள் புகுந்து, பிரிக்க முடியாத அங்கமாயிற்று. விளைவு என்ன? அது ஸ்பெயின் நாட்டுக் கருவி என்றே உலகெங்கும் பலர் நினைக்கலாயினர். 2001இல் பெரு அரசு கஹோனைத் தேசியப் பண்பாட்டு மரபுச் செல்வமாக அறிவிக்க நேர்ந்ததை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். ஒலி உலகெங்கும் பரவியபோது, அதை உருவாக்கியவர்களின் பெயர் உடன் செல்லவில்லை. மின்னணுக் கலப்பைப் பற்றிய வினாவின் உண்மையான முள் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

1995இல் அமெரிக்காவின் லுவாக்கா பாப் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பொன்று சூசானா பாகா போன்ற குரல்களை உலகின் செவிக்குக் கொண்டு சென்றது. அதன்பின் 2001இல் 'நோவாலிமா' பிறந்தது. லீமாவில் ஒன்றாகப் படித்த நான்கு நண்பர்கள் வெவ்வேறு நாட்டு நகரங்களில் வாழ்ந்தபடி, இணையத்தின் வழியே ஒலிக்கோப்புகளை ஒருவருக்கொருவர் அனுப்பி இசையமைத்தனர். 2000களின் நடுவில் வந்த 'ஆஃப்ரோ', 2009இல் வந்த 'கோபா கோபா', 2012இல் வந்த 'கரிம்பா' ஆகிய தொகுப்புகள் கறுப்பிசைப் பாடல்களையும் தாளங்களையும் கணிப்பொறி ஒலிகளோடு இணைத்தன.

இந்த இணைப்பு எளிதன்று. மின்னணு நடன இசையின் அடித்தளம், மாறாமல் விழும் நான்கு அடிகள். ஒவ்வோர் அடியும் பொதுவாக நான்காகப் பகுபடும். நம் தாள வழக்கில் சொன்னால் சதுச்ர நடை. 'ஃபெஸ்தேஹோ'வின் ஓட்டம் அடியை மூன்றாகப் பகுக்கும் திச்ர நடை. லாந்தோவில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒரு சுற்றின் பன்னிரண்டு நுண்ணளவுகளை மும்மூன்றாக நான்கு அடிகள் என்றும் எண்ணலாம். இவ்விரண்டாக ஆறு அடிகள் என்றும் எண்ணலாம். கேட்பவரை இரண்டுக்கும் இடையே ஊசலாட விடுவதே அதன் அழகு. கணிப்பொறியின் நான்கடி முழக்கம் உரத்து விழுந்தால் அந்த ஊசல் நின்றுவிடும். மேலும், தேர்ந்த கலைஞர் கஹோனைத் தட்டும்போது சில தட்டுகள் மயிரிழை முந்தியும் சில பிந்தியும் விழுகின்றன. எல்லாத் தட்டுகளையும் கட்டத்துக்குள் நிறுத்தி நேராக்கும் வசதி மென்பொருளில் உண்டு. அவ்வாறு நேராக்கினால் எஞ்சுவது கணக்கு மட்டுமே; நடை போய்விடும்.

நோவாலிமா கண்ட வழி, மனிதக் கைகளை உடன் வைத்துக்கொள்வது. குழுவை நிறுவிய நால்வரும் கடலோரக் கறுப்பினக் குடும்பங்களின் இசைச்சூழலில் வளர்ந்தவர்கள் அல்லர். ஆகவே அம்மரபில் தோய்ந்த கலைஞர்களை நாடினர். சூசானா பாகாவுக்கு வாசித்த கஹோன் வல்லுநர் ஹுவான் மெத்ரானோ 'கோத்தீத்தோ', பாடகி மிலாக்ரோஸ் கெர்ரேரோ முதலியோர் ஒலிப்பதிவிலும் மேடையிலும் குழுவின் முகங்களாயினர். பழைய ஒலித்தட்டிலிருந்து நான்கு நொடியை வெட்டி எடுத்துச் சுழலவிடுவதற்கும், உயிரோடிருக்கும் கலைஞரைப் பெயரோடும் ஊதியத்தோடும் மேடையில் அமர்த்துவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதில் குரல் மூலப்பொருளாகிறது. பின்னதில் குரலுக்கு உரியவர் தாமே பேசுகிறார். ஆயினும் எதை எப்படிக் கலப்பது என்ற முடிவு யார் கையில் இருக்கிறது என்ற வினா அதனாலும் முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை. அதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதே நேர்மை.

இந்த வினாவின் கனத்தை உணர இசைக்கு வெளியிலும் பார்க்க வேண்டும். 2009இல் பெரு அரசு தன் ஆப்பிரிக்க வழிவந்த குடிமக்களிடம் வரலாற்று அநீதிகளுக்காக மன்னிப்புக் கேட்டது. 2011இல் சூசானா பாகா சில மாதங்கள் பண்பாட்டு அமைச்சராகப் பொறுப்பேற்றார். 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான், பல பத்தாண்டுகளுக்குப் பின், மக்களிடம் அவர்கள் தம்மை எவ்வினத்தவராக உணர்கின்றனர் என்று கேட்டபோது கறுப்பின மக்களும் எண்ணப்பட்டனர். 8,28,841 பேர், அதாவது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரில் 3.6 விழுக்காட்டினர், தம்மை ஆப்பிரிக்க வழிவந்தோர் என்று பதிவு செய்தனர். கணக்கேட்டில் இடமில்லாதிருந்த காலமெல்லாம் அவர்களுடைய இருப்பை ஊரறியச் சொல்லிவந்தவற்றுள் இசையே முதன்மையானது. எனவே அந்த இசையிலிருந்து அவர்களை நீக்கிவிடுவது, இருந்த ஒரே பதிவையும் அழிப்பதற்கு ஒப்பாகும்.

மின்னணு ஒலி கலந்ததாலேயே மரபு கெட்டது என்று வாதிடுவோர், சாந்தா குரூஸ் உடன்பிறப்புகளும் தம் காலத்துக் கருவிகளையும் மேடை உத்திகளையும் எடுத்தாண்டே அம்மரபை உயிர்ப்பித்தனர் என்பதை மறந்துவிடுகின்றனர். கலப்பதெல்லாம் முன்னேற்றமே என்போர் ஃபிளமெங்கோ மேடையில் கஹோன் தன் ஊரை இழந்த கதையை மறந்துவிடுகின்றனர். நம் மதிப்பீட்டில் நோவாலிமாவின் சிறந்த பாடல்கள் முதல் வாதத்துக்கு விடை சொல்லிவிட்டன. இரண்டாவதற்கான விடை ஒவ்வொரு தொகுப்பிலும் மீண்டும் சொல்லப்பட வேண்டியது. ஆர்வமுள்ள நண்பர்கள் முதலில் பெரூ நெக்ரோவின் லாந்தோ ஒன்றைக் கேட்டு, அந்தப் பன்னிரண்டின் ஊசல் செவியில் பதிந்தபின், 'ஆஃப்ரோ' தொகுப்பைக் கேட்கலாம். பெட்டியைத் தட்டும் கை எங்கே இருக்கிறது, எங்கே மறைகிறது என்பது அப்போது தெளிவாகவே கேட்கும்.